ஏழு மாடிக்கு எதிராகச் சொன்ன பெயர்

இந்தக் கட்டுரையில் என் கணவரின் பெயர் வராது. தேடிப் பார்த்துவிட்டு யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள், ஒரே இடத்தில், இரண்டு தடவை அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெம்பு கிடையாது.

எழுபதுகளின் நடுப்பகுதி. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தோட்டத்து வீட்டிலிருந்து கல்யாணமாகிப் பாலக்காட்டு டவுனுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கடைவீதிக்குப் பின்னால் ஓட்டு வீடு. மாமனார் வாங்கியது, அவர் போன பிறகு என் கணவர் பெயருக்கு மாறியது. வீட்டில் அவர், மாமியார், நான், எட்டு மாதப் பெண் குழந்தை. அவர் மோட்டார் காயில் கட்டும் வேலை செய்தார். தோட்டத்து பம்புசெட்டிலிருந்து தேயிலை ஃபேக்டரி மோட்டார் வரை எது எரிந்தாலும் அவரைத் தேடி ஆள் வரும்.

எங்கள் வீட்டின் கிழக்குச் சுவர் மண்சுவர். அதற்கு அந்தப் பக்கம் ஒரு பழைய அரிசி குடோன் இருந்தது. எலியும் புறாவும் தவிர அங்கே வேறு யாரும் குடியில்லை. ஒருநாள் அதன் கேட்டில் மலையாளத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். என் கணவர் பேச்சு மலையாளம் நன்றாகப் பேசுவார். படிப்பதென்றால் எழுத்து எழுத்தாகக் கூட்டித்தான் படிப்பார். நின்று நிதானமாகப் படித்துவிட்டு வந்து சொன்னார். குடோன் இருக்கும் இடம் நகரத் திட்டத்தில் குடியிருப்புப் பகுதியாக இருக்கிறது. அதை வியாபாரப் பகுதியாக மாற்றி ஏழு மாடி ஹோட்டல் கட்டப்போகிறார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாளைக்குள் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும், பிறகு கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

ஏழு மாடி! அன்றைக்கு எங்கள் தெருவில் மூன்று மாடி பார்த்தவர்களே பெரிய ஆள். முக்கு டீக்கடையில் ஒரு வாரம் இதே பேச்சாகக் கிடந்தது. லிப்ட் வருமாம், உள்ளே நின்றால் அதுவே தூக்கிக்கொண்டு போகுமாம். உச்சியில் ஏறி நின்றால் பொள்ளாச்சி தெரியும் என்றார் ஒருவர். பொள்ளாச்சியில் இருப்பவனுக்கு உன் வேட்டி தெரியும், அதையும் பார்த்துக்கொள் என்றார் இன்னொருவர். வேடிக்கையாகத்தான் இருந்தது, மண் பரிசோதனைக்குக் குழி தோண்ட ஆள் வரும் வரைக்கும்.

ஹோட்டல்காரர்களின் எஞ்சினியர் கோயமுத்தூர்க்காரர். நம் ஆள், நம் பேச்சு. குழி தோண்டும் முன் வீட்டுக்கே வந்தார். என் கணவரைப் பெயர் சொல்லி விசாரித்து, கட்டிலில் உட்கார்ந்து மோர் குடித்தார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க அம்மிணி. உங்க செவுத்துக்கு நான் ஜவாப்பு" என்றார்.

நாலாம் நாள் காலையில் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுக்கும்போது பார்க்கிறேன், கிழக்குச் சுவரின் மூலையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு கீறல். எங்கள் சுவரிலிருந்து ஆறடி தள்ளித்தான் குழி. ஒரு சோதனைக் குழிக்கே இப்படி என்றால், ஏழு மாடிக்கு அஸ்திவாரம் எடுக்கும்போது என்ன ஆகும்? தொட்டிலை அன்றைக்கே அடுப்படிக்கு மாற்றிவிட்டேன். சுவரை எங்கே மாற்றுவது?

என் கணவர் காயிலுக்கு இடையில் வைக்கும் மஞ்சள் காகிதத்தை நீளமாக வெட்டி, பசை தடவி, கீறலுக்குக் குறுக்கே மூன்று இடத்தில் ஒட்டினார். "காயிதம் கிழிஞ்சா செவுரு நகருதுன்னு அர்த்தம். தெனமும் பாத்துக்க" என்றார். அன்றிலிருந்து எழுந்ததும் நான் சாமி படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தக் காகிதத்தைத்தான் பார்த்தேன். இரண்டாவது வாரம் மேலே ஒட்டியது கிழிந்தது.

என் கணவர் வக்கீல் குமாஸ்தா ஒருவரைப் பிடித்து மலையாளத்தில் ஆட்சேபம் எழுதி வாங்கி, தன் கையெழுத்தைப் போட்டு முனிசிபல் ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தார். கொஞ்ச நாளில் பதில் வந்தது. ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை பதினொரு மணிக்கு விசாரணை. கொடுத்தவரோ அவர் வீட்டு ஆளோ நேரில் ஆஜராக வேண்டும். வரவில்லை என்றால் ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொள்ளப்படும்.

இந்த இடத்தில் பெயர் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் கட்டினவன் பெயரைப் பெண்டாட்டி சொல்லமாட்டாள். சொன்னால் அவன் ஆயுசு குறையும். இப்போது கேட்டால் பேத்திகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். என் கணவர் பெயர் ஒரு சாமியின் பெயர். அதனால் அந்தச் சாமியைக்கூட நான் 'பெரியவரே' என்றுதான் கும்பிடுவேன். எங்களுக்குப் பால் ஊற்றியவருக்கும் அதே பெயர். பக்கத்து வீட்டார் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது நான் 'பால்காரரே' என்று இழுப்பேன்.

மற்ற பெண்களுக்கு இது வழக்கம். எனக்குப் பயம். காரணம் என் மாமியார். அதற்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ரேஷன் கார்டு எழுத வந்தவன் அவரிடம் குடும்பத் தலைவர் பெயர் கேட்டிருக்கிறான். பக்கத்தில் சொல்ல ஆள் இல்லை. அவன் அவசரப்படுத்தியிருக்கிறான்.

"சொல்லிப்போட்டேன் கண்ணு. ஒரே ஒருக்கா. அந்த ஆடி முடியல, உன்ற மாமன் போயிட்டாரு" என்று நான் வந்த முதல் மாதமே சொன்னார். அழுதுகொண்டு சொல்லவில்லை. அடுப்பில் சுடுதண்ணி இருக்கிறது, கையை வைத்துவிடாதே என்று சொல்கிற மாதிரி சொன்னார். அன்றிலிருந்து எந்த ஆபீஸ் படியையும் அவர் மிதித்ததில்லை.

விசாரணைக்கு நாலு நாள் இருக்கும்போது மூணாறிலிருந்து ஆள் வந்தது. ஒரு தேயிலை ஃபேக்டரியில் பெரிய மோட்டார் எரிந்துவிட்டது, கொழுந்து குவிந்து கிடக்கிறது, உடனே வரவேண்டும். நான் போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"ரெண்டு நாள் வேல. வெசாளக்கெழம பொழுதோட வந்தர்றேன். நாந்தான வெள்ளிக்கெழம அங்க நிக்கோணும், எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

புதன்கிழமை மழை பிடித்தது. வியாழக்கிழமை பொழுது சாயும் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வரவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பொள்ளாச்சியிலிருந்து வந்த கண்டக்டர் ஒருவர் சொன்னார்: "மூணாறு ரோட்டுல மண்ணு சரிஞ்சு போச்சுங்க. உடுமலைக்கு ஒரு வண்டியும் எறங்கல. எத்தன வண்டி சிக்கியிருக்குன்னு ஆருக்குந் தெரியலீங்க."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. மாமியாரிடம் பஸ் லேட் என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டாவது காகிதமும் கிழிந்திருந்தது. மழையில் குழி நிறையத் தண்ணீர். மாமியாருக்கு முட்டி வீங்கிக் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. முட்டி நன்றாக இருந்தாலும் வந்திருக்கமாட்டார். பெற்றவள் பிள்ளை பெயரைத் தெருவெல்லாம் கேட்கக் கத்தலாம், அதற்குத் தடை இல்லை. ஆனால் அவருக்கு ஆபீஸ் பயம். "நீ போயி நில்லு கண்ணு. அவன் ஊட்டுக்காரின்னு சொல்லு, போதும்" என்றார். குழந்தையை அவரிடம் அடுப்படியில் விட்டுவிட்டு, கிழிந்த இரண்டு காகிதத்தையும் பிய்த்து முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பினேன். கேட்டால் காட்ட, அவர் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதியும் வைத்துக்கொண்டேன். எழுதலாம், தப்பில்லை. வாயால்தான் கூடாது.

முனிசிபல் ஆபீஸ் மாடி ஹாலில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். நனைந்த குடைகள் மூலையில் சாய்ந்து தரையெல்லாம் ஈரம். எதிரே மேசையில் ஒரு ஆபீசர், பக்கத்தில் எழுதிக்கொள்ளும் கிளார்க். முன்வரிசையில் அந்தக் கோயமுத்தூர் எஞ்சினியர் ஒரு பெரிய வரைபடத்தைச் சுருட்டி மடியில் வைத்திருந்தார். பெண்கள் என்று நானும் ஒரு பள்ளிக்கூட டீச்சரம்மாவும்தான்.

முதலில் ஹோட்டல் வேண்டும் என்றவர்கள் பேசினார்கள். ஊர் வளரும், நாலு பேருக்கு வேலை கிடைக்கும் என்றார்கள். டீச்சரம்மா எழுந்து, அத்தனை அறைக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், கோடையில் எங்கள் கிணறுகள் என்ன ஆகும் என்று கேட்டார். எனக்கு எல்லாம் தூரத்தில் கேட்டது. என் மனசு மூணாறு ரோட்டில் இருந்தது. அந்த ரோட்டை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. பார்க்காததால் எவ்வளவு ஆழத்துக்கு வேண்டுமானாலும் பள்ளத்தை என்னால் கற்பனை செய்துகொள்ள முடிந்தது.

அப்புறம் பியூன் ஆட்சேபம் கொடுத்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். மூன்றாவது பெயருக்கு ஒருவர் எழுந்து, எனக்கு ஆட்சேபம் இல்லை, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றார். கிளார்க் எழுதிக்கொண்டிருக்கும்போதே உண்மையான ஆள் நனைந்துகொண்டு படியேறி வந்துவிட்டார். ஒரே கூச்சல். ஆள்மாறாட்டம் செய்தவர் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கிப் போய்விட்டார். ஆபீசருக்கு முகம் சிவந்துவிட்டது. இனிமேல் யார் எழுந்தாலும் மனு கொடுத்தவரின் பெயர், வீட்டு நம்பர் இரண்டையும் அவரவர் வாயால் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வரவில்லை என்று எழுதிவிடுவேன் என்று மேசையைத் தட்டினார். யாரோ செய்த திருட்டுத்தனம், வந்து விடிந்தது என் தலையில்.

அடுத்தது என் கணவர் பெயர். பியூன் அதை ஹால் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். எழுந்தேன்.

"நிங்ஙள் ஆரா?" என்றார் ஆபீசர்.

"ஊட்டுக்காரிங்க. அவிக மூணாறு போயிருக்காங்க, ரோடு அடைச்சுப்போச்சுங்க" என்றேன். வீட்டு நம்பரைச் சொன்னேன்.

"பேரு பறயு."

முடிச்சை அவிழ்த்துப் பெயர் எழுதிய சீட்டை நீட்டினேன். அவர் தொடவே இல்லை. எழுதிய காகிதத்தை யாரும் கொண்டுவரலாம், வாயால் சொல்லு என்றார். டீச்சரம்மா பாதி எழுந்து, "இவிடத்தெ தமிழ்ப் பெண்ணுங்ஙள் பர்த்தாவின்றெ பேரு பறயில்லா, சார்" என்றார். இப்போதுதானே பார்த்தீர்கள், வேறொருவர் சொல்வதை நான் எப்படி எடுத்துக்கொள்வது என்று ஆபீசர் அவரை உட்காரச் சொன்னார். ஆபீசர் கேட்டது நியாயம்தான், அன்றைக்கு அது எனக்குத் தெரியவில்லை. நான் எஞ்சினியரைப் பார்த்தேன். என் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து மோர் குடித்தவர், என் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர். அவர் தலைக்கு மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளார்க் பேனாவைத் திறந்து பிடித்திருந்தார். நான் பேசாவிட்டால் எங்கள் மனுவுக்கு நேராக 'வரவில்லை' என்று விழும். அந்தச் சுவருக்கு அடியில் பள்ளம் எடுப்பார்கள். பேசினால்? எங்கோ மழையில், மண் வழுக்கும் ரோட்டில் ஒரு பஸ்ஸுக்குள் அவர் உட்கார்ந்திருக்கிறார். அந்த ஆடிக்கு மாமனார், இதுவும் ஆடி.

"அடுத்த ஆள்" என்றார் ஆபீசர்.

சொல்லிவிட்டேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. கண்டிப்பாக ஆபீசருக்குக் கேட்டிருக்காது. "உறக்கெப் பறயு" என்றார். சத்தமாகச் சொல்ல வேண்டுமாம். மாமியார் ஒரு தடவைதான் சொன்னார். நான் இரண்டாவது தடவையும் சொன்னேன், இனிஷியலோடு, பின்வரிசைக்கும் கேட்கும்படி.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? அதற்கப்புறம் எனக்கு ஆபீசரிடமும் பயமில்லை, ஹாலிடமும் பயமில்லை. இருந்த பயம் எல்லாம் மலைமேல் போய்விட்டது. கிழிந்த காகிதங்களை மேசையில் வைத்தேன். குழி எங்கே, சுவர் எங்கே, கீறல் எத்தனை நாளில் எவ்வளவு ஏறியது, ஜவாப்பு நான் என்று சொல்லி மோர் குடித்தது யார் என்று தமிழும் மலையாளமும் கலந்து கொட்டினேன். எஞ்சினியர் ஃபேனிலிருந்து கண்ணை எடுத்தார். ஆபீசர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். கிளார்க் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்டார்: "என்ன கேட்டாங்க கண்ணு?"

"ஒண்ணுங் கேக்கலீங்கத்தை. ஊட்டு நம்பர் கேட்டாங்க, சொன்னேன்."

அன்றும் மறுநாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் தந்திக்காரர் என்றே தோன்றியது. குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்பன் பெயரை விற்றுச் சுவரை வாங்கி வந்தவள் என்று என்னை நானே ஏசிக்கொண்டேன். மாமியாரைப் பார்க்கப் பார்க்கப் பயம் கூடியது. பன்னிரண்டு வருஷம் இந்தப் பெண்பிள்ளை இதைத் தூக்கிக்கொண்டு எப்படி அடுப்பு மூட்டினாள், எப்படி எனக்குத் தலை வாரிவிட்டாள் என்று அப்போதுதான் யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பத்து மணிக்கு, இடுப்பு வரை சேறாக அவர் வந்து நின்றார். நான் அழுத அழுகையில் குழந்தையும் சேர்ந்து அழுதது. குளித்துச் சாப்பிட்ட பிறகு சாவகாசமாகச் சொன்னார்: "மொதல்ல சரிஞ்ச மண்ண ஒதுக்கி வண்டிய உட்டாங்க. வெள்ளிக்கெழம மத்தியானத்துக்கு முந்தி இருக்கும். எங்க பஸ்ஸுக்கு இருவதடி முன்னால மலையே எறங்குன மாதிரி மண்ணு எறங்குச்சு. டிரைவர் டீ குடிக்க நிறுத்தாம இருந்திருந்தா, நாங்க அதுக்கு அடியில."

நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அந்த இருபதடியை இன்றுவரை நான் மறக்கவில்லை. இனிமேல் சொல்லமாட்டேன் என்பது அதனால்தான்.

ஆபீசர் சொன்னபடி வந்து சுவரைப் பார்த்தார். புரட்டாசியில் தபாலில் உத்தரவு வந்தது. சாயங்காலம் என் கணவர் வாசற்படியில் உட்கார்ந்து கூட்டிக் கூட்டிப் படித்து, மாமியாருக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். ஏழு மாடி கிடையாது, நாலுதான். எங்கள் சுவரிலிருந்து பதினைந்து அடி விட வேண்டும். கீறலை அவர்கள் செலவில் சரிசெய்து தர வேண்டும். எனக்குச் சந்தோஷத்தில் காது அடைத்தது. அவர் நிறுத்தாமல் அடுத்த வரியையும் படித்தார்.

"மனு குடுத்தவரோட மனைவி நேர்ல ஆஜராகி, கணவன் பேரும் ஊட்டு நம்பரும் வாயால சொல்லி உறுதிப்படுத்துனதால..."

படித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அடிப்பாவி! ஊருக்கே சொல்லியிருக்கற. எங்க, எனக்கு முன்னால ஒருக்கா சொல்லு பாக்கலாம்."

நான் சிரிக்கவில்லை. மாமியார் பயறு புடைத்துக்கொண்டிருந்த கை நின்றுபோயிருந்தது.

"எத்தன தடவ சொன்ன?" என்றார்.

"ரெண்டு தடவைங்க."

"ஆடியிலயா?"

"ஆமாங்கத்தை."

ஏசுவார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் தன் மகனைப் பார்த்தார். தலையிலிருந்து கால் வரை, சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி நின்று நிதானித்துப் பார்த்தார். என் கணவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, என்னம்மா என்றார். மாமியார் என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு தடவ சொல்லியும் எம்பையன் வந்துட்டானே. அப்ப உன்ற மாமன நாங் கொல்லலியா கண்ணு?"

அந்த இருபதடி என் வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டு, "இல்லீங்கத்தை" என்றேன்.

முறம் கவிழ்ந்து பயறு தரையெல்லாம் ஓடியது. அவர் அந்தக் கிழக்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மாமனாரின் பெயரைச் சொன்னார். முதலில் மெதுவாக, அப்புறம் தெருவுக்குக் கேட்கும்படி, திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். மாமனார் இறந்த அன்றைக்குக்கூட அப்படிப் பெயர் சொல்லி அழ அவரால் முடிந்திருக்காது.